வீரமாமுனிவர்: அவர் தந்தவையும் பெற்றவையும்



நவம்பர் 8ஆம் நாள் வீரமாமுனிவரின் பிறந்தநாள். அதையொட்டி பாகூர், வில்லியனூர் கொம்யூன்களைச் சேர்ந்த சில கிராமப் பங்குகளின் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஒரு வினாடி வினா நடத்தினோம். வினாக்களைத் தயாரித்தவர் நாமே. நடுவராக அமர்ந்தவரும் நாமே. தமிழின் முதல் அகராதியைத் தந்தவர் யார் என்பது ஒரு வினா. வீரமாமுனிவர் என்ற விடையைத்தான் எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி மட்டும் எழுந்து, சிதம்பர ரேவண சித்தர் என்றாள். தவறு என்று அறிவித்தோம். தன் பள்ளியின் தமிழம்மா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நடுவரின் தீர்ப்பே இறுதியானது என்று சொல்லி அவளை அமரச் செய்தோம். அந்த ஒரு மதிப்பெண்ணால் அவளுடைய அணி பரிசை இழந்தது.

அன்று இரவு செபம் முடிந்து படுத்தபோது அந்தப் பிள்ளையின் முகம் நம்மை உறங்க விடவில்லை. மறுநாள் அலமாரியில் இருந்த பழைய நூல்களை எடுத்துத் தூசி தட்டிப் படிக்கத் தொடங்கினோம். குருமடத்தில் படித்த நாள்களிலிருந்து பல ஆண்டுகளாக மறையுரைகளில் நாம் சொல்லி வந்த பலவற்றை மீண்டும் எடைபோட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. அப்படிப் பார்த்ததில் முனிவர் சிறுத்துப் போகவில்லை. நாம் வேறு வகையில் அறிந்திருந்த அவரை இன்னும் நெருக்கமாக அறிந்துகொண்டோம். அதையே இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

இத்தாலியிலிருந்து தமிழகம் வரை

கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி என்பது அவருடைய இயற்பெயர். 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் வட இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகில் உள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். புனித அலோசியுஸ் கொன்சாகா பிறந்த ஊரும் அதுவே. 1698இல் சேசு சபையில் சேர்ந்தார். இறையியல் படிப்பை முடித்துக் குருப்பட்டம் பெற்றபின், மறைபரப்புப் பணிக்குத் தம்மை அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். 1710இல் லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி கோவா வந்து சேர்ந்தார். 1711இல் மதுரை மறைத்தளப் பணிக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பது.

முப்பது வயதில் ஒரு புதிய மொழியின் அகர வரிசையைத் தொடங்குவது எளிதன்று. லத்தீன், கிரேக்கம், போர்த்துக்கீசியம் அறிந்த ஒருவர், பேச்சுத் தமிழையும் செந்தமிழையும் தனித்தனியே, இரண்டு மொழிகளைக் கற்பதுபோல் கற்க வேண்டியிருந்தது. அதற்கிடையில் பயணங்கள், பகை, சிறைவாசம், உயிருக்கே ஆபத்து ஆகியவையும் இருந்தன. தம் பெயரைத் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். கொன்ஸ்தான்சோ என்ற பெயரில் உள்ள உறுதி என்னும் பொருளைத் தழுவியது அது. வீரமாமுனிவர் என்ற பெயர் பின்னர் வழங்கியது.

அவர் உடுத்திய காவி அங்கி, காதில் அணிந்த குண்டலம், புலால் தவிர்த்த உணவு ஆகியவற்றையும் அவருடைய புதுமைகளாகவே சிலர் சொல்வதுண்டு. ஆனால் அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி அந்தப் பாதையைத் திறந்துவிட்டார். மக்களுடைய வாழ்க்கை முறையை ஏற்று அவர்களிடையே வாழ்வது என்னும் பாதை அது. வீரமாமுனிவர் அதில் நடந்தார். முன்னோர் வெட்டிய வரப்பில் நடப்பது குறைவன்று. அதில் கால் இடறாமல் நடப்பதற்கும் அருள் வேண்டும்.

தேம்பாவணி யாருடையது?

நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கும் அவருக்கும் நெருங்கிய உறவு உண்டு. விருத்தாசலம் பகுதியில் உள்ள கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பியவர் அவரே. சேலை உடுத்திய தமிழ்த் தாயாக அன்னை மரியாவை அங்கே நாம் காண்கிறோம். ஜனவரித் திருவிழாவுக்கு நம் கிராமங்களிலிருந்து வேனிலும் நடந்தும் செல்பவர்கள் பலர். கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை ஆலயமும் அவருடைய பணித்தளமே. அதைத் திருக்காவலூர் என்று பெயரிட்டுத் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார்.

அவர் பாடிய காவியங்களில் முதன்மையானது தேம்பாவணி. 1726இல் நிறைவுற்றது. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்கள். இதன் தலைவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான புனித சூசையப்பர். அவருக்கு வளன் என்று அழகிய தமிழ்ப் பெயர் சூட்டினார். உலக இலக்கியத்தில் சூசையப்பரை நாயகராக வைத்து இவ்வளவு பெரிய காவியம் எழுந்திருப்பது அரிது. கோவேறு கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னணியில் நிற்கும் ஒரு தச்சரை அவர் காவியத் தலைவராக்கினார்.

இதில்தான் முதல் வழக்கு எழுகிறது. வெளிநாட்டில் பிறந்த ஒருவர் இவ்வளவு உயர்ந்த செந்தமிழில் பாடியிருக்க முடியுமா, இது அவருக்குத் தமிழ் கற்பித்த சுப்பிரதீபக் கவிராயர் பாடியது என்று ஒரு கருத்து நெடுநாளாக உலவி வந்தது. சுப்பிரதீபக் கவிராயர் எளியவரல்லர். கூளப்ப நாயக்கன் காதல் பாடிய புலவர். ஆனால் தேம்பாவணியைப் படிப்பவர் அதன் கதைக்குள் இசுப்பானிய அருட்சகோதரி ஆக்ரேதா மரியாவின் நூல் சாயலையும், லத்தீன், இத்தாலிய காவியங்களின் சாயலையும் காண்கிறார்கள். கம்பரையும் திருத்தக்க தேவரையும் ஆழக் கற்றவரின் கையையும் அதே பாடல்களில் காண்கிறார்கள். இரண்டு உலகங்களும் ஒரே நெஞ்சில் சேர்ந்தாலன்றி இப்படி ஒரு நூல் பிறக்காது. ஆகவே ஆசிரியர் முனிவரே என்று அறிஞர்கள் பொதுவாக ஏற்றுள்ளனர்.

ஆனாலும் இந்த வழக்கில் நாம் வென்றுவிட்டோம் என்று கைதட்டிவிட்டுப் போக முடியவில்லை. யாப்பும் அணியும் அவருக்கு யார் கற்றுத் தந்தது? சுவடியைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, பொருள் சொன்ன தமிழாசிரியர்கள் யார்? அவர்களில் ஒருவர் இருவர் பெயர் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கிறது. பாடியவர் முனிவர். அவரைப் பாட வைத்தவர்கள் தமிழ் மண்ணின் ஆசிரியர்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் நியாயம்.

இந்தக் காவியம் நெடுங்காலம் ஓலையிலேயே இருந்தது. முனிவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1851 முதல் அது அச்சேறத் தொடங்கியது நம் புதுவையில்தான் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

எரியும் ஏரியும்

இப்போது நம்மில் பலர் மறையுரைகளில் அடிக்கடி சொல்லும் செய்திக்கு வருவோம். ஏ, ஓ என்னும் எழுத்துகளைத் தமிழுக்குத் தந்தவர் வீரமாமுனிவர் என்கிறோம். இது எவ்வளவு தூரம் சரி?

பாகூர் மூலநாதர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். அதன் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கல்வெட்டில் பயிற்சி இல்லாத ஒருவர் அவற்றை எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்றால் திகைத்துப் போவார். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி பெரும்பாலும் இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். அப்படிப்பட்ட எழுத்தில் எரி என்று எழுதியிருந்தால் அது நெருப்பா, நீர் நிறைந்த ஏரியா? பெய் என்பது மழை பெய்வதா, பேயா? முன்பின் உள்ள சொற்களை வைத்துத்தான் தெளிய வேண்டும். பாகூர் ஏரியின் நீரை நம்பி வாழும் ஊரில், எரிக்கும் ஏரிக்கும் எழுத்தில் வேறுபாடு இல்லாமல் இருந்தது என்பது வியப்பல்லவா?

ஏகார, ஓகார ஒலிகள் தமிழில் என்றும் இருந்தன. அவற்றை யாரும் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. எழுத்தில் அவற்றை வேறுபடுத்தும் வழியும் மிகப் பழங்காலத்திலேயே சொல்லப்பட்டிருந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதுபோலவே குறில்களான எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. புள்ளி இருந்தால் குறில், இல்லாவிட்டால் நெடில். நன்னூலும் அதையே சொன்னது. ஆக, சிக்கலை முதலில் கண்டவரும் முதல் தீர்வைத் தந்தவரும் நம் பழைய இலக்கண ஆசிரியர்களே.

பிறகு ஏன் அந்தத் தீர்வு நிலைக்கவில்லை? பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும், கிழியும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். எழுதுவோர் விரைவு கருதிப் புள்ளியை விட்டுவிட்டார்கள். விதி நூலில் இருந்தது, ஓலையில் இல்லை. தாய்மொழியாகப் பேசுபவருக்கு இது பெரிய இடையூறாகத் தெரியாது. சொல்லைப் பார்த்ததும் மனம் தானாகச் சரியாகப் படித்துவிடும். வெளியிலிருந்து வந்து கற்பவருக்கோ ஒவ்வொரு வரியிலும் கால் இடறும். அந்த இடறல் வீரமாமுனிவருக்கு நேர்ந்தது.

அவர் செய்தது என்ன? குறிலுக்கு அடையாளம் வைக்கும் பழைய முறையைத் தலைகீழாக மாற்றி, நெடிலுக்கு அடையாளம் வைத்தார். ஒற்றைக் கொம்பின் மேல்பகுதியைச் சுழித்தார். கெ என்பது குறில். அதே கொம்பைச் சுழித்து எழுதினால் கே என்னும் நெடில். கொ, கோ என்பவையும் அப்படியே. புள்ளியைப்போல் இதைக் குத்த வேண்டியதில்லை. எழுத்தாணியைத் தூக்காமலே, எழுதும் ஓட்டத்திலேயே சுழித்துவிடலாம். பேச்சுத் தமிழுக்காக லத்தீனில் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தில் இந்த மாற்றத்தை அவரே விளக்குகிறார். ஆகவே கொம்பின் சுழியைப் பற்றி ஐயம் குறைவு. தனித்து நிற்கும் ஏ, ஓ எழுத்துகளின் இன்றைய வடிவமும் அவர் தந்ததுதானா என்பதில் அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர் சொன்ன உடனே நாடு முழுவதும் மாறிவிடவில்லை. அவருக்குப் பின்னும் நெடுங்காலம் ஓலைகள் பழைய முறையிலேயே எழுதப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் அச்சு பரவியபோதுதான் இந்த வேறுபாடு நிலைபெற்றது. எழுத்துகளை வார்த்த தொழிலாளர்கள், அச்சுக் கோத்தவர்கள், பள்ளிப் புத்தகம் எழுதிய பண்டிதர்கள் ஆகியோரின் பங்கும் இதில் உண்டு. தொல்காப்பியர் சிக்கலைக் கண்டார். முனிவர் எளிய வழி சொன்னார். பெயர் தெரியாத அச்சுத் தொழிலாளர்கள் அதை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு சேர்த்தார்கள்.

முதல் அகராதி எது?

இனி அந்தச் சிறுமியின் விடைக்கு வருவோம்.

நம் முன்னோர் சொற்பொருள் அறிய நிகண்டுகளைப் பயன்படுத்தினார்கள். அவை செய்யுளால் ஆனவை. மனப்பாடம் செய்வதற்கு உரியவை. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள் வகையால் பகுக்கப்பட்டவை. ஒரு சொல்லைத் தேடி எடுக்க வேண்டுமானால் நிகண்டு முழுவதும் நாவில் இருக்கவேண்டும். இந்த நிலையில் சொற்களை அகர வரிசையில் அமைத்து 1594இல் ஒரு நிகண்டு செய்தவர் சிதம்பர ரேவண சித்தர். அந்த நூலின் பெயரே அகராதி நிகண்டு. அகராதி என்று நாம் இன்று வழங்கும் சொல்லுக்கு அதுவே முன்னோடி.

அடுத்து, 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி ஒன்று அச்சாயிற்று. தொகுத்தவர் அந்தோனியோ தெ புரோயென்சா என்னும் சேசு சபைக் குரு. நூல் அச்சேறுவதற்கு முன்பே, 1666இல் அவர் இறந்துவிட்டார். அதற்கான தமிழ் எழுத்துகளைச் செதுக்கியவர் மலையாளக் கரையைச் சேர்ந்த கைவினைஞர் ஒருவர். அதன் ஒரே படி வத்திக்கான் நூலகத்தில் கிடைத்தது. அதைக் கண்டெடுத்து 1966இல் மீண்டும் பதிப்பித்தவர் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார்.

இவை இரண்டுக்கும் பிறகு, 1732இல் வந்தது வீரமாமுனிவரின் சதுரகராதி. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள் கொண்டதால் அந்தப் பெயர். பல நிகண்டுகளில் சிதறிக் கிடந்த சொற்களைத் திரட்டி, செய்யுளை விட்டு உரைநடையில், யாரும் தேடி எடுக்கும்படி அகர வரிசையில் அடுக்கினார். தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருள் சொல்லும் இன்றைய அகராதிகளுக்கு அதுவே வழிகாட்டி. மனப்பாடம் செய்த புலவர் மட்டும் நுழைய முடிந்த சொற்களஞ்சியத்துக்கு அவர் ஒரு வாசல் வைத்தார். எழுத்துக்கூட்டத் தெரிந்த எவரும் அதன் வழியே உள்ளே போகலாம். இந்தப் பெருமை அவருக்கு முழுதும் உரியது. தமிழ் அகராதியின் தந்தை என்று அவரை அழைப்பதில் பொருள் உண்டு. ஆனால் அகர வரிசையில் அடுக்கும் எண்ணமே முதன்முதலில் அவருக்குத்தான் தோன்றியது என்றால், அது உண்மைக்குப் புறம்பு.

அப்படியானால் அன்று அந்தச் சிறுமி சொன்ன விடையைத் தவறு என்று தள்ளியது நம் தவறு.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததா?

உலக வரலாற்றைப் பார்த்தால் இப்படிப்பட்ட வழக்குகள் ஏராளம். அசையும் உலோக எழுத்துகளால் அச்சிட்ட முதல் மனிதர் ஜெர்மனியின் குட்டன்பர்க் என்று நாம் படித்தோம். அவருடைய விவிலியம் வெளிவந்தது 1455ஆம் ஆண்டை ஒட்டி. ஆனால் கொரிய நாட்டில் 1377இலேயே உலோக எழுத்துகளால் புத்த சமய நூல் ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறது. தொலைபேசிக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல், எலிஷா கிரே ஆகிய இருவரின் மனுக்களும் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு ஒரே நாளில், 1876 பிப்ரவரி 14 அன்று சென்றன. அவர்களுக்கு முன்னரே முயன்ற அந்தோனியோ மெயூச்சி என்ற இத்தாலிய ஏழைக்கு அமெரிக்க மக்களவை 2002இல்தான் தீர்மானம் இயற்றி மதிப்பளித்தது. நம் நாட்டின் ஜகதீச சந்திர போஸ் 1895இல் கொல்கத்தாவில் கம்பியில்லா அலைகளைச் செய்து காட்டினார். ஆனால் 1901இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி பெற்ற மார்க்கோனியின் பெயரே உலகெங்கும் நிலைத்தது. அவர் அப்போது பயன்படுத்திய அலைவாங்கி, 1899இல் போஸ் வெளியிட்ட ஆய்வோடு நெருங்கிய தொடர்புடையது என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

போஸுக்கு நேர்ந்ததைக் கேட்டால் நமக்கு நெஞ்சு கொதிக்கிறது. அப்படியானால் ரேவண சித்தரை நாம் மறந்தபோது ஏன் கொதிக்கவில்லை? நம்மவரின் பெயர் விடுபட்டால் அநீதி என்கிறோம். நம்மவருக்காகப் பிறர் பெயர் விடுபட்டால் அதைப் பெருமை என்கிறோம். இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டாமா?

எதிரணியின் அச்சகம்

வீரமாமுனிவரின் வாழ்வில் நம்மை மிகவும் வியக்கவைத்த செய்தி இது. அவருக்கும் தரங்கம்பாடியில் இருந்த லூத்தரன் மறைப்பணியாளர்களுக்கும் கடுமையான கருத்துப் போர் நடந்தது. அவர்களை மறுத்து வேத விளக்கம், பேதகமறுத்தல் முதலிய நூல்களை அவர் எழுதினார். அந்நூல்களின் சொற்கள் சூடானவை. இன்றைய கிறிஸ்தவ ஒன்றிப்புக் காலத்தில் நாம் அப்படி எழுத மாட்டோம். ஆனால் 1728இல் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டு வெளியிட்டது யார் தெரியுமா? அதே தரங்கம்பாடி லூத்தரன் அச்சகம். கொள்கையில் எதிர் நின்றவர்களே, நூல் நல்லது என்பதால் அதைத் தங்கள் செலவில் அச்சுக் கோத்துப் பரப்பினார்கள். கொம்புச் சுழியைப் பற்றிய விளக்கமும் அந்த நூல் வழியாகத்தான் அச்சுலகுக்குப் போயிற்று. எதிரணியில் இருந்து வந்தாலும் நன்மையை நன்மை என்று ஒப்புக்கொள்ளும் மனத்தை அவர்களிடம் நாம் கற்கலாம்.

பரமார்த்த குரு கதையும் ஒரு வழக்குக்கு உட்பட்டதே. மொழி கற்கும் வெளிநாட்டவருக்கு எளிய உரைநடைப் பயிற்சியாக அவர் அதை எழுதினார். 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை லண்டனில் அச்சிட்டார். ஆற்றைக் கடந்த சீடர்கள் தங்களை எண்ணும்போது எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று அழுவது நாம் அறிந்த கதை. இதைப் போன்ற கதை இங்கிலாந்திலும் பல நாடுகளிலும் வாய்வழக்கில் உண்டு. ஆகவே கதைக் கரு முழுவதும் அவருடைய கற்பனை என்று சொல்வதற்கில்லை. மக்கள் நாவில் இருந்ததைக் கோத்து, தமிழ் உரைநடையில் சிரிக்கச் சிரிக்க எழுதிக் காட்டியது அவருடைய கொடை.

பெரியவர் ஒருவர் மறைந்தபின் அவரைச் சுற்றிக் கதைகள் வளர்வது உலக வழக்கம். புதுவையைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை, ஊர் ஊராகச் சென்று முனிவரின் சுவடிகளைத் தேடிச் சேர்த்து, 1822இல் அவருடைய வரலாற்றைத் தமிழில் எழுதினார். அவர் உழைக்காவிட்டால் பல செய்திகள் அழிந்திருக்கும். முனிவர் சந்தா சாகிபுவிடம் திவானாக இருந்தார், பல்லக்கில் பரிவாரத்தோடு சென்றார் என்ற செய்திகளும் அந்நூலில் உள்ளன. சேசு சபை மடல்களையும் ஆவணங்களையும் பின்னர் ஆராய்ந்தவர்கள் திவான் பதவிக்குச் சான்று இல்லை என்கிறார்கள். திவான் பதவி இல்லாவிட்டால் முனிவருக்கு என்ன குறை? தேம்பாவணி குறையுமா, சதுரகராதி குறையுமா?

அம்பலக்காட்டில்

1740ஆம் ஆண்டுகளில் தமிழகம் போர்களால் கலங்கியது. 1741இல் மராத்தியர் திருச்சியைப் பிடித்தனர். முனிவர் காவிரிக் கரையை விட்டுத் தென் கடற்கரைக்குச் சென்றார். மணப்பாடு பகுதியில் பணியாற்றினார். இறுதியில் அம்பலக்காடு சென்று, 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். தமிழகத்தில் காலடி வைத்து 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அம்பலக்காடு என்ற பெயரை நினைவு கொள்ளுங்கள். புரோயென்சாவின் அகராதி 1679இல் அச்சான அதே ஊர். சதுரகராதி தந்தவர், தமக்கு முந்திய அகராதி அச்சான ஊரிலேயே கண் மூடினார். யார் முதல்வர் என்ற கேள்வியை அவர்கள் இருவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. அதை எழுப்பி, விடையும் எழுதி, பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டவர்கள் நாம்.

1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். தமிழ்நாடு அவரைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டது. அவருக்குப் பொய்யான பெருமை எதையும் நாம் சேர்க்கத் தேவையில்லை. உண்மையான பெருமையே அவருக்குப் போதுமானது.

சிந்திப்போம்

பாகூர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வெட்டியவர் ஒருவர். கரையை உயர்த்தியவர் வேறொருவர். தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நீரைக் கொண்டுவந்தவர்கள் வேறு சிலர். ஆண்டுதோறும் தூர் வாரி மதகைக் காப்பவர்கள் இன்னும் பலர். இந்த ஏரி என் பாட்டன் வெட்டியது என்று ஒரே குடும்பம் உரிமை கொண்டாடினால் ஊர் சிரிக்கும். அறிவும் அப்படிப்பட்ட ஏரிதான். கொரிந்து நகர மக்கள் நான் பவுலைச் சார்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சார்ந்தவன் என்று கட்சி கட்டியபோது, நட்டவரும் நீர் பாய்ச்சியவரும் பணியாளர்களே, விளையச் செய்தவர் கடவுளே என்று தூய பவுல் அவர்களுக்கு உணர்த்தினார். ரேவண சித்தர் நட்டார். வீரமாமுனிவர் நீர் பாய்ச்சினார். இன்று நாம் அறுவடை செய்கிறோம்.

தற்பெருமை தனி மனிதருக்கு மட்டும் வரும் நோயன்று. குழுவுக்கும் சபைக்கும் பங்குக்கும் அது வரும். நம் புனிதர்களுக்காகவும் முன்னோர்களுக்காகவும் என்று சொல்லிக்கொண்டு நாம் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறோம். பத்தாவது கட்டளை பிறர் உடைமையை விரும்பாதிருக்கச் சொல்கிறது. பிறருடைய புகழும் அவருடைய உடைமைதான்.

வினாடி வினாவுக்குப் பின் மூன்றாம் ஞாயிறு. திருப்பலி முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில் அந்தச் சிறுமியை அவளுடைய பங்கு ஆலயத்தில் முன்னால் அழைத்தோம். அன்று அவள் சொன்ன விடை ஏற்கத்தக்கது என்றும், வினாவே பிழையாக அமைந்தது என்றும், பிழை நடுவருடையது என்றும் எல்லார் முன்னிலையிலும் சொன்னோம். அவளுடைய அணிக்கும் பரிசு கொடுத்தோம். முன்பு பரிசு பெற்ற பிள்ளைகள் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. அவர்களே முதலில் கைதட்டினார்கள். கோயில் வாசலில் அவளுடைய அப்பா நம் கைகளைப் பிடித்துக்கொண்டார். அவர் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வினாடி வினாவுக்கு வினாவை மாற்றி எழுதியிருக்கிறோம். சதுரகராதி எந்த ஆண்டு வெளிவந்தது, அதற்கு முன்னோடியான இரண்டு நூல்கள் எவை என்பது புதிய வினா. விடையில் மூன்று பெயர்களும் இருந்தால்தான் முழு மதிப்பெண்.

இந்த வாரம் நம் வீட்டிலும் இதைச் செய்து பார்ப்போம். நாம் செய்ததாக நாம் சொல்லிக்கொள்ளும் நற்செயல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதைச் செய்ய நமக்குக் கற்றுத் தந்தவர், உடன் நின்றவர், நமக்கு முன்பே தொடங்கி வைத்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்போம். அவர் உயிரோடு இருந்தால் நேரில் சென்று நன்றி சொல்வோம். இறந்திருந்தால் அவருக்காக ஒரு செபம் சொல்வோம்.

உண்மையே ஆன இறைவன் உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக.